மரத்துக்குள் அறுந்த கயிறு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு பழைய கடன் பாக்கி இருக்கிறது. பதினோராம் வகுப்பில் மரத்தில் நீர் ஏறும் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "இலையிலிருந்து நீர் ஆவியாகப் போகப் போக, வேர் வரைக்கும் உள்ள நீர் கயிறு போல மேலே இழுபடும்" என்றேன். கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்தான். "சார், வெயில்ல ரொம்ப இழுத்தா கயிறு அறுந்துடாதா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் அறாது, உட்காரு" என்றேன்.

நான் சொன்னது தவறு. அந்தக் கயிறு அறும். அறும்போது சத்தமும் வரும்.

இந்தக் கயிற்றுக் கதை 1894-ல் தொடங்கியது. உறிஞ்சு பம்பால் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை இழுக்க முடியாது. ஆனால் 100 மீட்டர் உயர மரங்களும் உலகில் உண்டு. அதன் உச்சி இலைக்கு நீர் எப்படிப் போகிறது? டப்ளின் நகரில் ஹென்றி டிக்சன், ஜான் ஜோலி இருவரும் விடை சொன்னார்கள்: நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பதால், மேலே இழுத்தால் மொத்த நீரிழையும் கூடவே வரும்.

பலர் நம்பவில்லை. சோதித்துப் பார்ப்பதும் சுலபமில்லை. மரத்துக்குள் இருக்கும் குழாயைத் துளைத்தால் காற்று புகுந்து நீரிழை அறுந்துவிடும். பார்க்கப் போனாலே, பார்க்க வேண்டியது கெட்டுவிடும்.

கண்ணால் முடியாததைக் காதால் செய்தார்கள் ஜான் மில்பர்ன், ஆர்.பி.சி. ஜான்சன் என்ற இரு தாவரவியலாளர்கள். 1966-ல் வெளிவந்த அவர்களது ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட செடி எது தெரியுமா? நம் வேலியோரத்து ஆமணக்கு! பறித்த இலையின் காம்பை அதிர்வு உணரும் கருவியோடு சேர்த்து, வரும் அதிர்வைப் பெருக்கிக் கேட்டார்கள். இலை வாட வாட, 'டிக், டிக்' என்று சொடுக்குச் சத்தம். காம்பு முனையில் நீர் வைத்ததும் சத்தம் நின்றது.

காரணம் இதுதான். இழுவை தாங்காமல் நீரிழை அறும்போது, அந்த இடத்தில் குமிழி உண்டாகிறது. இறுகியிருந்த குழாய்ச் சுவர் சட்டென்று தளர்கிறது. அந்த அதிர்வே சொடுக்கு. 70 ஆண்டுகளுக்கு முன் சொன்ன கருத்துக்குக் காது சாட்சி சொன்னது.

ஒரு சிக்கல் இருந்தது. யாராவது நடந்தால்கூடக் கருவி அதையும் சேர்த்துப் பதிவு செய்யும். 1983-ல் மெல்வின் டைரி, மைக்கேல் டிக்சன் (இவர் வேறு டிக்சன்) இருவரும் நம் காதுக்கு எட்டாத மீயொலியில் அளந்தார்கள். அதன்பின் வெளி இரைச்சல் அவ்வளவாகத் தொல்லை தரவில்லை. வெட்டாமல், துளைக்காமல், மரத்தின் மேலேயே கருவியைப் பொருத்தி எண்ண முடிந்தது. ஆனாலும் ஒவ்வொரு சொடுக்கும் ஒரு குழாய் அறுந்ததைத்தான் காட்டுகிறது என்று சொல்லிவிட முடியாது. பக்கத்திலுள்ள நார்ச் செல்களிலிருந்தும் சத்தம் வரலாம்.

2023-ல் இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார், தண்ணீர் இல்லாத தக்காளிச் செடி மணிக்கு 30 முதல் 50 வரை மீயொலிச் சொடுக்குகளைக் காற்றில் விடுவதாகப் பதிவு செய்தார்கள். "செடி அலறுகிறது" என்று செய்தி பரவியது. அது அலறல் இல்லை, பிள்ளைகளே. பெரும்பாலும் நீரிழை அறும் சத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

வறட்சியில் பல மரங்கள் சாவது இதனால்தான். குழாய்கள் நிறையக் காற்றால் அடைபட்ட பிறகு, வேரில் ஊற்றும் நீர் இலைக்குப் போய்ச் சேராது. வாடும்போதே ஊற்ற வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

கடைசி பெஞ்சுத் தம்பி, இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை எழுது. அன்று நீ கேட்டது சரியான கேள்வி. உட்கார வைத்தது என் தவறு.

அன்புடன்,
உங்கள் தாவரவியல் வாத்தியார்