படகில் எழுதப்பட்ட எண்

மலையாளக் கவிதையை அறிந்தவர்கள் குமாரன் ஆசானையும் அறிவார்கள். 'வீணபூவு', 'கருணா' ஆகியவற்றின் ஆசிரியர். அவருடைய 'துரவஸ்தா' 1921 இன் மலபார்க் கிளர்ச்சியைப் பின்னணியாகக் கொண்டது. அது குறித்து அந்நாளைய மாப்பிள்ளை முஸ்லிம்களுக்கு இருந்த மனக்குறை தனியாக எழுதப்பட வேண்டியது. இங்கு என் அக்கறை அவருடைய கவிதையில் அல்ல, அவர் ஏறிய படகில்.

1924 ஜனவரியில் ஆசான் கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்குச் செல்லும் 'ரிடீமர்' என்ற படகில் இரவுப் பயணமாக ஏறினார். 16 ஆம் திகதி விடியுமுன், பல்லனை என்னுமிடத்தில் நீர்வழி வளைந்து செல்லும் திருப்பத்தில் படகு கவிழ்ந்தது. மகாகவியோடு சேர்த்து இருபத்துநான்கு பேர் இறந்தனர். ரிடீமர் என்றால் மீட்பர். படகுகளுக்குப் பெயர் வைப்பவர்களுக்கு எப்போதும் பெரிய நம்பிக்கைதான்.

கவிஞர் இறந்ததால் பலவிதமான கதைகள் கிளம்பின. சதி என்றும் பேசினார்கள். ஆனால் விசாரணை அறிக்கையில் இருப்பது ஒரு சாதாரணமான கணக்கு. தொண்ணூற்றைந்து பேரை ஏற்ற அனுமதி பெற்ற படகில் நூற்று முப்பத்தாறு பேர் இருந்தனர். நாற்பத்தொரு பேர் மேலதிகம். சதியை நம்புவது இலகு, கழித்தல் கணக்கை நம்புவதுதான் மனிதருக்குக் கடினமாக இருக்கிறது.

அந்தத் 'தொண்ணூற்றைந்து' எங்கிருந்து வருகிறது? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. பிரித்தானியப் பாராளுமன்றத்தில் சாமுவேல் பிளிம்சோல் என்ற உறுப்பினர், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிக் கடலுக்கு அனுப்பப்படும் கப்பல்களுக்கு எதிராகப் பல ஆண்டுகள் போராடினார். அதன் பயனாக 1876 இல் கப்பலின் வெளிப்புறத்தில் சுமைக்கோடு வரைவது கட்டாயமாயிற்று. ஆனால் அக்கோட்டை எவ்விடத்தில் வரைவது என்பதைச் சட்டம் கப்பல் உரிமையாளரிடமே விட்டுவிட்டது! கள்ளனிடம் சாவியைக் கொடுத்த கதை. 1890 இல்தான் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது.

கடலுக்கு அப்படியென்றால், ஆறுகளுக்கும் காயல்களுக்கும் வேறு சட்டம். பிரித்தானிய இந்தியாவில் 1917 இல் உள்நாட்டு நீராவிப் படகுகள் சட்டம் வந்தது. அளவைச் சான்றிதழ் இல்லாமல் எந்தப் படகும் ஓடக்கூடாது என்றது அது. அளவையாளர் படகின் உடலையும் இயந்திரத்தையும் உபகரணங்களையும் பரிசோதித்து, எத்தனை பேரை ஏற்றலாம் என்று குறிப்பார். சான்றிதழின் ஆயுள் ஓராண்டுக்கு மேற்படாது. அதைப் படகில் எல்லோருடைய கண்ணிலும் படும்படி ஒட்டிவைக்கவும் வேண்டும். படகை நடத்துபவரும் தகுதிப் பத்திரம் பெற்றிருக்க வேண்டும். 'சாரங்கு' என்ற தரம் அச்சட்டத்திலேயே இருக்கிறது. பாரசீகத்திலிருந்து வந்து, நம் கடலோடிகளின் வாயில் புழங்கிய சொல் ஓர் ஆங்கிலச் சட்டப் புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு ஒரு சந்தோசம். ஆசானின் படகு ஓடிய திருவிதாங்கூர் சுதேச சமஸ்தானம், அதற்குத் தனிச் சட்டங்கள். எனினும் எண் ஒன்று அங்கும் இருந்தது.

வகுப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கும்போது நான் ஒரு பேசினில் தண்ணீர் வைத்து அதில் ஒரு சிரட்டையை மிதக்கவிடுவதுண்டு. அதனுள் கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் போட, அது அமிழ்ந்தாலும் நிமிர்ந்தே நிற்கும். பிறகு கற்களை வெளியே எடுத்துவிட்டு, சிரட்டையின் வாய்க்குக் குறுக்கே ஒரு மட்டையை வைத்து, அதன்மேல் அதே கற்களில் பாதியை மட்டும் அடுக்கச் சொல்வேன். ஒரு பிள்ளை மேசையைத் தட்டினால் போதும், குப்புறக் கவிழும். பாரம் எவ்வளவு என்பதைவிட அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஒரு பக்கமாக நகருமா என்பதுதான் காரியம். அளவையாளர் எழுதும் எண்ணுக்குள் இந்த இரண்டும் அடங்கியிருக்கின்றன. அது இருக்கைகளை எண்ணி எழுதிய எண் அல்ல.

2009 செப்டம்பர் 30 இல் தேக்கடியில் நடந்தது ஏறக்குறைய இந்தச் சிரட்டைதான். முல்லைப் பெரியாறு அணையால் உருவான ஏரி அது. காட்டு விலங்குகளைப் பார்க்கப் பயணிகளை ஏற்றிச் சென்ற 'ஜலகன்னிகா' என்ற இரண்டு தட்டுப் படகு கவிழ்ந்து நாற்பத்தைந்து பேர் மாண்டனர். கரையில் விலங்குகள் தென்பட, பார்ப்பதற்காகப் பயணிகள் ஒரு பக்கமாக ஒதுங்கியதாகச் சொல்லப்பட்டது. பார்க்க வந்தவர்கள் பார்க்கத்தான் செய்வார்கள். அதைத் தாங்காத படகுக்கு அந்தத் தொழிலில் என்ன வேலை?

அதற்கு முன்னர், 2002 ஜூலை 27 இல் முஹம்மாவிலிருந்து குமரகத்துக்குப் புறப்பட்ட அரச பயணிகள் படகு வேம்பநாட்டுக் காயலில் மூழ்கியது. இருபத்தொன்பது உயிர்கள். பயணிகளில் பலர் அரசாங்க வேலைக்கான போட்டிப் பரீட்சை எழுதப் போனவர்கள். பரீட்சைக்குப் பிந்திவிடக் கூடாது என்று முண்டியடித்து ஏறும் கூட்டத்தை எந்தச் சான்றிதழ் தடுத்து நிறுத்தும்?

2007 பெப்ரவரி 20 இல் தட்டேக்காட்டில் பெரியாற்றில் நடந்ததை எழுதவே கை கூசுகிறது. பாடசாலைச் சுற்றுலா. பதினைந்து மாணவர்கள், அவர்களோடு மூன்று ஆசிரியர்கள். சுற்றுலா என்றால் ஆசிரியர் தலைகளை எண்ணுவார். பஸ்ஸில் ஏறும்போது எண்ணுவார், இறங்கும்போது எண்ணுவார், சாப்பாட்டுக்கு உட்காரும்போதும் எண்ணுவார். அவர் எண்ணுவது ஒரு பிள்ளையாவது குறைந்துவிடக் கூடாது என்பதற்காக. ஒருவர்கூடக் கூடிவிடக் கூடாது என்று எண்ண வேண்டியவர் துறையில் நிற்கும் வேறொருவர்.

1917 இன் சட்டம் நூறாண்டு கடந்தும் உயிரோடிருந்து, 2021 இல்தான் இந்தியாவில் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. பதிவும் அளவையும் நாடு முழுவதும் ஒரே முறைக்குள் கொண்டுவரப்பட்டன. இரண்டு வருடம் கழிய முன்னரே தானூர். 2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை, பொழுதுபட்ட பின்னர், மலப்புறம் மாவட்டத்துத் தூவல்தீரத்தில் 'அட்லாண்டிக்' என்ற உல்லாசப் படகு கவிழ்ந்தது. இருபத்திரண்டு ஜனாஸாக்கள். பதினொரு பேர் ஒரே குடும்பம். இருபத்திரண்டு பேருக்கான படகில் முப்பத்தேழு பேர் இருந்ததாகப் பொலிஸார் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தனர். மீன்பிடிப் படகொன்றுக்கு மேல்தட்டுக் கட்டி உல்லாசப் படகாக்கியிருந்தார்கள். வலைக்கும் மீனுக்கும் அடியில் இடம் வைத்துக் கட்டிய கலத்தின் தலையில் மனிதர்களை ஏற்றிவிட்டார்கள். பதிவு முடியுமுன்பே அது ஓடத் தொடங்கியிருந்தது. உரிமையாளரும் படகு நடத்தியவர்களும் மட்டுமல்ல, படகுக்குரிய கடதாசிகளைக் கையாண்ட துறைமுக அதிகாரிகள் இருவரும் அடுத்த மாதம் கைதானார்கள். ரிடீமரில் எண் சரியாக இருந்தது, அதை மீறினார்கள். இங்கே எண்ணை எழுதும் கை மீதே வழக்கு.

கேரளத்துக் கதைகளை நாம் படிப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. கிண்ணியா மக்கள் தலைமுறை தலைமுறையாகப் 'பாதை'யில் கடந்தவர்கள். வெளியூர் வாசகர் வீதி என்று எண்ணிவிடக் கூடாது, கிழக்கில் பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் மிதவையும்தான். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபோது அந்தக் காலம் முடிந்தது என்றே எண்ணினார்கள். ஆனால் 2021 இல் குறிஞ்சாக்கேணிப் பாலத்தின் நிர்மாண வேலைக்காக மக்கள் மறுபடியும் மிதவைக்குத் திரும்ப நேர்ந்தது. நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை காலை, பாடசாலைக்குப் போகும் நேரம். அது கவிழ்ந்தது. அன்று வபாத்தான ஆறு பேரில் நால்வர் பிள்ளைகள். உயிர்காப்பு அங்கி எவருக்கும் இருக்கவில்லை.

பின்பு மிதவையை நடத்தியவர்கள் கைதானார்கள், நகர சபைத் தவிசாளரும் கைதானார். அனுமதி கொடுத்தது யார் என்ற கேள்வி கிண்ணியாவிலிருந்து பாராளுமன்றம் வரை போனது. சபையா, வீதி அதிகார சபையா, அமைச்சா? ஒவ்வொரு விரலும் வேறொரு பக்கம் நீண்டது. பல்லனையில் விசாரித்தவர்கள் தொண்ணூற்றைந்தை நூற்று முப்பத்தாறிலிருந்து கழித்தார்கள். குறிஞ்சாக்கேணியில் எந்த எண்ணிலிருந்து எதைக் கழிப்பது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.