உண்மை, வாய்மை, மெய்மை: பெங்களூரில் மனச்சிகிச்சை வளர்ந்த வரலாறு

உள்ளத்தில் பொய் இல்லாமை உண்மை. வாக்கில் பொய் இல்லாமை வாய்மை. மெய்யாகிய உடலின் செயலில் பொய் இல்லாமை மெய்மை. இம்மூன்று சொற்களுக்கும் நம் பெரியோர் இவ்வாறு பொருள் விரித்துரைப்பர். நினைப்பதும் சொல்வதும் செய்வதும் வெவ்வேறு திசைகளில் இழுக்குமாயின் மனிதன் நோயுறவும் கூடும். பிரிந்தவற்றைப் பேச்சின் வாயிலாகவே மீண்டும் இணைக்க முயலும் மருத்துவம் ஒன்று உண்டு. மனச்சிகிச்சை என்று நாம் குறிப்பிடுவது அதனையே. நம் நாட்டில் அது வேரூன்றிய இடங்களுள் பெங்களூர் முக்கியமானது. பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு அவ்வரலாறு சற்று நெருக்கமானதும் ஆகும்.

1847-ஆம் ஆண்டில் டாக்டர் சார்லஸ் இர்விங் ஸ்மித் என்பவர் பெங்களூரில் சித்தம் கலங்கியோருக்கான காப்பகம் ஒன்றைத் தோற்றுவித்தார். காப்பகம் என்று பெயர் இருந்ததேயன்றி, அக்காலத்து இத்தகைய இடங்களின் முதல் நோக்கம் நோயாளியை ஊரிலிருந்து பிரித்து வைப்பதே. 1925-இல் மைசூர் அரசு அதன் பெயரை மனநோய் மருத்துவமனை என்று மாற்றியது. பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். அடைத்து வைக்கப்பட்டவன் சிகிச்சை பெறுபவன் ஆனான். அதுவே அம்மாற்றத்தின் பொருள். 1930-களில் மருத்துவமனை ஓசூர் சாலைக்குக் குடிபெயர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்குள் நுழையும் நம்மவர் பலரும் அதன் வாயிலைக் கடந்தே செல்கின்றனர்.

1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, மனநல மருத்துவர்களைப் பயிற்றுவிக்கும் நிலையங்கள் நாட்டிற்குத் தேவை என்று வற்புறுத்தியது. அதன் பயனாக 1954-இல் அகில இந்திய மனநல நிலையம் இவ்வளாகத்தில் தொடங்கப்பெற்றது. டாக்டர் எம். வி. கோவிந்தசாமி அதன் முதல் இயக்குநர். மேனாட்டு மருத்துவத்தில் தேர்ந்த அவர், இந்திய தத்துவ நூல்களிலும் ஆயுர்வேதத்திலும் மனத்தைப் பற்றிக் கூறப்பட்டவற்றை ஆராய வேண்டும் என்று எழுதியவர். 1974-இல் மருத்துவமனையும் நிலையமும் ஒன்றிணைந்து, இன்று நிம்ஹான்ஸ் என்று நாடறிந்த நிறுவனமாயின.

பேச்சினால் குணப்படுத்தும் முறை வியன்னாவில் ஃபிராய்டிடமிருந்து புறப்பட்டது என்பதை நேயர்கள் அறிவார்கள். அது கல்கத்தாவை அடைய அதிக காலம் ஆகவில்லை. 1922-லேயே கிரீந்திரசேகர் போஸ் அங்கு இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். மேனாட்டிலோ கருத்து மேலும் வளர்ந்தது. அமெரிக்கரான கார்ல் ரோஜர்ஸ், உள்ளும் புறமும் ஒத்திருப்பதே மனநலத்தின் அடையாளம் என்று வற்புறுத்தினார். லண்டனில் குழந்தை மருத்துவராகவும் இருந்த வின்னிக்காட் 1960-இல் மெய்யான தான், பொய்யான தான் என்னும் வேறுபாட்டை விளக்கினார். பெற்றவளின் விருப்பத்திற்கு ஓயாது இணங்கி வளரும் குழந்தை ஒரு முகமூடியை அணிகிறது. வளர்ந்த பின்னர் அம்முகமூடியையே தன் முகம் என்று நம்பிவிடுகிறது என்பது அவர் கண்டது.

இக்கருத்துக்கள் பெங்களூருக்கு வந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. நம் வரலாற்றின் சுவையான பகுதி இதுவே. அகில இந்திய மனநல நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் என். சி. சூர்யா, ஜெயராம் என்பவருடன் சேர்ந்து 1964-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்திய நோயாளி தன் உள்மனத்தின் முடிச்சுக்களை அவிழ்த்துக் காண்பதினும், நேரடியான ஆதரவையே மிகுதியாக நாடுகிறான். மருத்துவரை எட்ட நிற்கும் நிபுணராக அன்றி, உரிமையோடு நெருங்கக்கூடிய பெரியவராகக் கருதுகிறான் என்பன அதன் கருத்துக்களுள் சில. மேனாட்டு மருத்துவர் இதனைப் பிறரைச் சார்ந்து நிற்கும் குறை என்று கூறியிருப்பார். சூர்யா அங்ஙனம் கருதவில்லை. 1973-இல் பஞ்சாபிக் கவிஞரும் மனநல மருத்துவருமான ஜே. எஸ். நேக்கி, குரு சீடர் உறவையே சிகிச்சைக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாம் என்று எழுதினார். நம் கருத்தில், குருவாக அமரும் மருத்துவர் நோயாளியின் வாயிலாகத் தாமே பேசத் தொடங்கிவிடும் ஆபத்தும் இதில் உண்டு. எனினும், தனித்து நிற்பது ஒன்றே தானாக வாழ்வது என்னும் எண்ணத்தை இவர்கள் கேள்விக்கு உட்படுத்தினர் என்பதை மறுப்பதற்கில்லை.

இவ்விவாதம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1950-களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கச் செய்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் குடும்பத்தார் உடன் தங்கும் வழக்கம் ஏற்பட்டது. 1970-களில் பெங்களூரிலும் குடும்பத்தோடு தங்கிச் சிகிச்சை பெறும் பகுதி நடைபெற்றது. ஒருவர் தம் மனத்தில் உள்ளதைச் சொல்லும்போது, அதைக் கேட்க வேண்டியவர்களும் அருகிலேயே இருந்தனர்.

இனி மொழியைக் கருதுவோம். 1809-இல் பெங்களூரில் தண்டு அமைந்த காலம் முதல் அங்குத் தமிழர் குடியேறி வந்துள்ளனர். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் வீட்டில் தமிழ், கடைத்தெருவில் கன்னடம், அலுவலகத்தில் ஆங்கிலம் என்று வாழ்வோர் பலர். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு முகம் அமைந்துவிடுகிறது. துயரமோ பெரும்பாலும் வீட்டு மொழியில் குடியிருக்கிறது. 'நெஞ்சை அடைக்கிறது', 'வயிற்றைப் பிசைகிறது', 'ஈரக்குலை நடுங்குகிறது' என்றே நாம் கவலையைச் சொல்கிறோம். இவற்றைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் பெயர்த்தால் இருதய நிபுணரிடம் அனுப்பப்படலாம்! மனம் சொல்ல அஞ்சுவதை மெய் சொல்லிவிடுவதும் உண்டு. மூன்று சொற்களுள் உடலுக்கும் ஒன்றை ஒதுக்கியவர்கள் இதனை உணர்ந்திருந்தார்கள் போலும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்த இளைஞர் ஒருவர், வேலை போய்விட்டதை நான்கு திங்களாக ஊரில் சொல்லவில்லை. மாதந்தோறும் கடன் வாங்கித் தந்தைக்குப் பணம் அனுப்புகிறார். 'சௌக்கியமாக இருக்கிறேன் அப்பா' என்று தொலைபேசியில் சொல்கிறார். இரவில் உறக்கம் இல்லை. சிகிச்சையாளர் இவருக்கு உபதேசம் செய்வதில்லை. வாரம் ஒரு முறை, ஏறக்குறைய ஒரு மணி நேரம், இடைமறிக்காமலும் இகழாமலும் கேட்கிறார். கேட்டதை வெளியில் சொல்வதில்லை. தம் குரலைத் தாமே கேட்கத் தொடங்கும் இளைஞர், தாம் அஞ்சுவது தந்தையின் சினத்திற்கா, அன்றித் தாம் கட்டி வைத்த வெற்றிப் பிள்ளை என்னும் உருவம் உடைவதற்கா என்று எண்ணிப் பார்க்கிறார். தந்தையிடம் எதை, எப்போது சொல்வது என்னும் முடிவு அவருடையதே. கடுமையான மனநோய்களுக்கு மருந்தும் வேண்டும். பேச்சு மட்டும் போதாது.

குடும்பமே பொய்யை வேண்டினால் என்ன செய்வது? ஊருக்கு ஒவ்வாதவரை ஊருக்கு ஏற்ப வளைத்துக் கொடுப்பதும் சிகிச்சை என்ற பெயரால் நடந்ததுண்டு. ஒருபால் விருப்பம் உடையோரை அவ்வாறு மாற்ற முயன்றது அதற்குச் சான்று. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சமூகத்தின் ஒழுக்க வழக்கங்களுக்கோ சமய நம்பிக்கைகளுக்கோ ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதைக் கொண்டு அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கலாகாது என்று விதித்தது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிப் பாதுகாப்பு நாடிய இரு பெண்களின் வழக்கு வந்தது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தமக்கு இப்பொருள் பற்றிய தெளிவு போதாது என்று வெளிப்படையாகக் கூறி, தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து உரையாடிய பின்னரே விரிவான ஆணையை எழுதினார். அவ்வாணை, இத்தகையோரை 'மாற்றும்' மருத்துவ முயற்சிகளைத் தடை செய்தது. சிகிச்சையாளரின் அறைக்குள் நோயாளியே சென்றாக வேண்டும் என்பதில்லை, நீதிபதியும் செல்லலாம்.

2022 அக்டோபர் 10-ஆம் நாள் மத்திய அரசு டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. அதன் தலைமை மையம் ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸே. எண் 14416, கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். அழைப்பவர் தாம் விரும்பும் மொழியைத் தேர்ந்துகொள்ளலாம். அம்மொழிகளுள் தமிழும் ஒன்று.