மானிப்பாய் வைத்தியரும் நோயாளியின் உரிமையும்

நோயுற்றவருக்கு மருந்து கொடுப்பது வைத்தியரின் கடமை. அம்மருந்து இன்னது, அது செய்யும் காரியம் இன்னது, அதனால் நேரக்கூடிய தீங்கு இன்னது என்று அவருக்கு விளங்க உரைப்பதும் அவ்வைத்தியரின் கடமைதானா? கெடாத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நமக்கு இவ்வினா புதியதன்று. காய்ச்சலில் நடுங்கிய தொழிலாளி தோட்ட ஆஸ்பத்திரியின் திண்ணையில் குந்தியிருந்தார். டிரஸர் கொயினா மருந்தைக் கொடுத்தார், அவர் விழுங்கினார். எப்போதாவது வந்த டாக்டர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சென்றார். சொல்லப்பட்டது தம் உடலைப் பற்றியதே. ஆயினும் அதை அறியாதவர் அங்கே அவர் ஒருவரே!

இத்தகைய வினாக்களைக் கிறிஸ்தவ சமயத் தத்துவத்தோடு சேர்த்து ஆராய்ந்து பட்டம் பெறுவோர் இன்று உலகின் பல சர்வகலாசாலைகளில் உளர். உடல் யாருடையது, நோயாளியிடம் எதையேனும் மறைக்கலாமா, அவர் இசையாமல் அவர்மீது ஒன்றைச் சோதிக்கலாமா என்பன அவர்கள் ஆராயும் பொருள்கள். அவ்வாராய்ச்சிக்கு மேனாட்டுச் சான்றுகளே பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. தமிழ் மண்ணில் ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இவ்வினாவுக்குத் தம் செயலால் ஒரு விடை தந்துள்ளார். அவரை நம்மவர் மறக்கலாகாது.

சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பது அவர் பெயர். 1822-ல் ஐக்கிய அமெரிக்காவின் ஊஸ்டர் நகரிற் பிறந்து, நியூயார்க்கில் வைத்தியம் கற்றுத் தேறியவர். அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847-ல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டில் மானிப்பாயில் நிலைகொண்டார். இடையே சில ஆண்டுகள் தாயகம் சென்று மீண்டதொழிய, 1873 வரையில் அவ்வூரே அவருக்கு ஊராயிற்று.

மேனாட்டு வைத்தியம் கற்க விரும்புவோர் முன்னதாக ஆங்கிலம் கற்றிருக்க வேண்டும் என்பது அக்கால நியதி. கிறீனும் முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். விளைந்தது என்ன? ஆங்கிலமும் வைத்தியமும் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடினர். கிராமத்து நோயாளி முன்போலவே துணையின்றிக் கிடந்தார். ஆகவே 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கத் தலைப்பட்டார். கற்பிப்பதற்கு நூல் வேண்டுமே! 1857-லேயே "அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்" வெளிவந்திருந்தது. பின்னர் 1867-ல் "இரண வைத்தியம்", 1872-ல் "மனுஷ அங்காதிபாதம்", "வைத்தியாகரம்", 1875-ல் "கெமிஸ்தம்" என நூல்கள் வரிசையாக வந்தன. மொழிபெயர்ப்பில் அவருடைய தமிழ் மாணவர்கள் பெரும்பங்கு கொண்டனர். இவையெல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கத்துக்கு மேற்படும். அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60 பேருக்கு மேலாவர். அவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிலேயே பயின்றவர்கள்.

இவ்வளவு உழைப்புக்கும் மூலம் யாது? அவருடைய சமயக் கொள்கையே என்பது என் துணிபு. வேதத்தைக் குருமார் மட்டும் அறிந்த மொழியில் பூட்டி வைத்தலாகாது, உழுபவரும் நெய்பவரும் தம் தாய்மொழியிற் படித்தறிய வேண்டும் என்பது சீர்திருத்தச் சபைகளின் அடிப்படை. லூத்தர் ஜெர்மன் மொழியில் வேதத்தைப் பெயர்த்ததும், 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதும் அக்கொள்கையினாலேயே. ஆன்மாவைப் பற்றிய செய்தி அவரவர் மொழியில் வரவேண்டுமென்றால், உடலைப் பற்றிய செய்தி மட்டும் அந்நிய மொழியில் நிற்பது எங்ஙனம் பொருந்தும்? கிறீன் அந்த நெறியை வைத்தியசாலைக்குள் கொண்டு சென்றார்.

புகழ்ந்தது போதும், குறையையும் கூறுவோம். கிறீன் வந்தது நோய் தீர்க்க மட்டுமன்று. மதம் பரப்பவும் வந்தார். தமிழருக்கு வைத்தியச் சுவிசேஷகர் என்றே அவருடைய கல்லறைக் கல்லும் கூறுகிறது. மிஷன் வைத்தியசாலைகளில் மருந்துக்கு முன்னே வேத வாசிப்பும் ஜெபமும் நிகழ்வது அக்கால வழக்கம். நோவினால் துடிப்பவர் எழுந்து போக இயலாதவர். அவரிடம் உரைக்கும் உபதேசம் அவர் விரும்பிக் கேட்டதாகுமா? வலியவர் தம் நோக்கத்துக்கு எளியவரின் நோவைப் பயன்படுத்தலாமா? நல்லெண்ணம் ஒன்றே இக்கேள்விக்கு விடையாகாது.

இதே கேள்வி மதத்தின் பெயரால் மட்டுமல்ல, விஞ்ஞானத்தின் பெயராலும் எழும். அதற்கு நம் மலாயாவின் சரித்திரத்திலேயே சான்று உண்டு. முன்னாளில் பெரிபெரி என்னும் நோய் இங்கே ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர் கால் வீங்கி மாண்டனர். புழுங்கல் அரிசி உண்ட தமிழரை அந்நோய் அரிதாகவே தீண்டியது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கி நிற்பதே காரணம் என்பது பிற்காலத்தில் விளங்கிற்று. 1905-ல் கோலாலம்பூர்ப் பைத்திய ஆஸ்பத்திரியில் வில்லியம் பிளெச்சர் என்ற டாக்டர் நோயாளிகளை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு வழக்கமான வெள்ளை அரிசி. மற்றதற்குப் புழுங்கல் அரிசி. பிரிவுக்கு ஏறக்குறைய 120 பேர். வெள்ளை அரிசி உண்டவருள் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் உண்டவருள் அந்நோயால் இறந்தவர் எவருமிலர்.

அச்சோதனையால் பின்னர் எண்ணற்ற உயிர்கள் பிழைத்தன, மறுப்பாரில்லை. அந்த வெள்ளை அரிசியும் அவர்களுக்கென்று புதிதாகக் கொணர்ந்ததன்று. ஆயினும், அடைபட்டிருந்த அம்மனிதர், தம் தட்டில் விழுவது சோதனை என்று அறிந்து இசைந்திருக்க முடியுமா? சித்தம் கலங்கியவரிடம் யார் கேட்டார்? அவருக்காகப் பேச யார் இருந்தார்? 18 பேரின் சாவை வெறுங் கணக்காக எழுதிவிட்டு நகர மனம் ஒப்பவில்லை.

உலகம் இதைச் சட்டமாக எழுத இன்னும் கொடிய பாடம் வேண்டியிருந்தது. நாஜி வைத்தியர் சிறைமுகாம்களில் செய்த கொடுமைகளை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றம், 1947-ல் தன் தீர்ப்பில் மனிதர்மீது நடத்தும் சோதனைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தது. சோதனைக்கு உட்படுவோரின் சுயேச்சையான சம்மதம் என்பதே அவற்றுள் முதலாவது. 1970-ல் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையின் கிறிஸ்தவ அறநூற் பேராசிரியர் பால் ராம்சே, நோயாளியை ஆளாகக் கருதவேண்டும் என்ற பொருளையே தலைப்பாக்கி ஒரு நூல் எழுதினார். கடவுளும் மனிதரும் செய்துகொண்ட உடன்படிக்கையில் உள்ள விசுவாசம் வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையிலும் நிற்கவேண்டும். சம்மதம் கேட்பது அவ்விசுவாசத்தின் அடையாளம் என்பது அவர் வாதம். உடன்படிக்கையை ஏற்காத பகுத்தறிவாளரும் அதன் முடிவை ஏற்பதில் தடையென்ன?

விளங்காத சம்மதம் சம்மதமன்று. விளங்குவதற்கு மொழி வேண்டும். இங்கேதான் மானிப்பாய் வைத்தியரின் பணி இன்றைய அறநூலோடு கைகோக்கிறது. ஆனால் அவர் வெட்டிய வழி நீளவில்லை. 1870-ல் கொழும்பில் தோன்றிய வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் நடந்தது. உத்தியோகத்துக்கு ஆங்கிலமே வாசலாயிற்று. 1884-ல் கிறீன் மறைந்தார். அவருடைய தமிழ் நூல்கள் அலமாரிக்குள் அடங்கின.

இன்று கெடாவில் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. நம்மவர் சுங்கை பட்டாணிக்கும் அலோர் ஸ்டாருக்கும் குடிபெயர்ந்தனர். திண்ணை ஆஸ்பத்திரி மறைந்து பெரிய ஆஸ்பத்திரிகள் வந்தன. எனினும், அறுவைக்கு முன் நீட்டப்படும் சம்மதத் தாளில் வாசகம் அறியாமல் கைநாட்டு வைக்கும் மூதாட்டி இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார். அவர் அருகே அமர்ந்து, "பாட்டி, இதில் எழுதியிருப்பது இதுதான், வேண்டாமென்றால் மறுக்கலாம்" என்று தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும். அதற்கு டாக்டர் பட்டம் வேண்டுவதில்லை. படித்த பிள்ளை ஒருவர் அரைநாள் வேலையை விட்டு உடன் சென்றாலே போதும். செல்வோமா?