மல்லி, எந்த மல்லி? ஒரு பூக்கடைப் பக்கத்துக்கு வரிவரியாக உரை

தன் கடையின் இணையப் பக்கம் கூகுளில் மேலே வர வேண்டும் என்று கேட்பவருக்கு இன்றும் கிடைக்கிற முதல் அறிவுரை, 'கீவேர்டை நிறையப் போடுங்கள்' என்பதுதான். அது காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தேடுபொறி இப்போது எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. பேச்சு எந்தப் பொருளைப் பற்றியது, தேடுகிறவருக்கு வேண்டியது என்ன என்றும் பார்க்கிறது. அதற்கு ஏற்றபடி எழுதுவது எப்படி என்று காட்ட, மதுரைப் பூ வியாபாரி ஒருவருக்குப் பொருந்தும் மாதிரிப் பக்கம் ஒன்றை நானே எழுதி, அதற்கு உரையும் சொல்கிறேன்.

மூலம்: தலைப்பு
'மதுரை மல்லி இன்றைய விலை: உதிரிப்பூ, தொடுத்த பூ'

உரை: மல்லி என்றால் பூக்கடையில் பூ, மளிகைக் கடையில் கொத்தமல்லி விதை, காய்கறிக் கடையில் தழை. 'மல்லி விலை' என்று மட்டும் தலைப்பு வைத்தால் கூகுளுக்கும் குழப்பம், மசாலாவுக்கு விதை தேடி வந்தவருக்கும் ஏமாற்றம். இது கணினி வந்த பிறகு முளைத்த சிக்கல் அல்ல. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் இதைப் பலபொருள் ஒருசொல் என்று வகுத்து, பொருளைத் தெளிய மூன்று வழிகளும் சொல்கிறது: வினை, இனம், சார்பு. மல்லியைத் தொடுத்தால் பூ, வறுத்து அரைத்தால் விதை. இது வினையால் தெளிவது. பிச்சி, முல்லையோடு சேர்ந்து வந்தால் பூ, மிளகாய், சீரகத்தோடு வந்தால் விதை. இது இனத்தால் தெளிவது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் பற்றிய பேச்சில் வந்தால் பூ. இது சார்பால் தெளிவது. தேடுபொறியின் மொழி மாதிரிகள் கணக்குப் போட்டுச் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். ஒரு சொல்லுக்கு அக்கம்பக்கம் எந்தச் சொற்கள் நிற்கின்றன என்று பார்த்தே அவை பொருளைப் பிரிக்கின்றன.

மேலே உள்ள தலைப்பில் 'உதிரிப்பூ', 'தொடுத்த பூ' என்று சேர்த்தது அதற்காகத்தான். 'மதுரை' என்ற சொல்லும் வெறும் ஊர்ப்பெயராக அங்கே நிற்கவில்லை. மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆகவே இரண்டு சொல்லும் சேர்ந்து ஒரே பொருளின் பெயர். இப்படிப் பெயருள்ள ஊர், ஆள், பொருள் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பதிவாகவும், ஒன்றுக்கொன்று உள்ள உறவோடும் வைத்துக்கொள்ளும் 'நாலெட்ஜ் கிராஃப்' என்ற ஏற்பாட்டை கூகுள் 2012இல் வெளியிட்டது. பெயரைப் பிரிக்காமல், முழுதாக, ஒரே மாதிரி எழுதுவது அந்தப் பதிவோடு நம் பக்கம் இணைய உதவும்.

மூலம்: சுருக்க விவரம்
'இன்று காலை விலை, கையிருப்பு, வெளியூருக்கு அனுப்பும் விவரம்.'

உரை: மெட்டா டிஸ்கிரிப்ஷன் எனப்படும் இந்தச் சுருக்க விவரம் தரவரிசையை ஏற்றாது. முடிவுகளைப் பார்க்கும் மனிதர் நம் பக்கத்தைத் திறக்கலாமா என்று தீர்மானிக்க மட்டும் உதவும். மெட்டா கீவேர்டுகளைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது. அதற்கென்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மூலம்: முதல் பத்தி
'விடியலில் பறித்த மொக்கு, மாலையில் விரியும். உதிரியாகக் கிலோ கணக்கிலும், தொடுத்து முழக் கணக்கிலும் தருகிறோம். பிச்சி, முல்லை, கனகாம்பரமும் உண்டு. மதுரையிலிருந்து சென்னைக்கும் கோவைக்கும் அனுப்புகிறோம்.'

உரை: இந்தப் பத்தியில் மல்லி என்ற சொல்லே இல்லை. ஆனால் படிக்கிற யாருக்கும் சந்தேகம் வராது. மொக்கு, பறித்தல், விரிதல், தொடுத்தல், முழம் எல்லாம் பூவின் உலகத்துச் சொற்கள். பூ வியாபாரி வாயைத் திறந்தால் தானாக வருகிற பேச்சு இது. இதை விட்டுவிட்டு 'மதுரை மல்லி வாங்க, மதுரை மல்லி கடை, சிறந்த மதுரை மல்லி' என்று அடுக்கினால், கூகுள் தன் விதிகளில் ஸ்பாம் என்று பெயர் சொல்லி விலக்குகிற செயலாகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'எல்எஸ்ஐ கீவேர்டு' என்ற பெயரில் தொடர்புடைய சொற்களின் பட்டியலை விற்கிறார்கள். எல்எஸ்ஐ என்பது 1980களின் கடைசியில் ஆவணத் தொகுப்புகளுக்காக உருவான ஒரு கணித முறை. அப்படி ஒரு கீவேர்டு வகையே கிடையாது என்று கூகுளின் ஜான் முல்லர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். தொழில் தெரிந்தவர் நான்கு வாக்கியம் ஒழுங்காக எழுதினாலே வேண்டிய சொற்கள் வந்துவிடும்.

மேலே உள்ள மாதிரிப் பத்தியின் கடைசி வாக்கியத்தில் வரும் உருபுகளைக் கவனியுங்கள்: மதுரை'யிலிருந்து', சென்னை'க்கு'. திசையைச் சொல்வது அவைதான். 2019 அக்டோபரில் பெர்ட் என்ற மொழி மாதிரியைத் தேடலில் சேர்த்தபோது கூகுள் காட்டிய எடுத்துக்காட்டும் திசை பற்றியதே. பிரேசிலிலிருந்து அமெரிக்காவுக்குப் போகிறவர் விசா பற்றிக் கேட்டால், அதற்கு முன்பு பிரேசிலுக்குப் போகும் அமெரிக்கர்களுக்கான பக்கம் வந்தது. சின்ன இடைச்சொல்லைப் பொறி கண்டுகொள்ளாததே காரணம். அதே ஆண்டு டிசம்பரில் இந்த வசதி தமிழ் உட்பட 70க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரிந்தது. எனவே உருபுகளை உதிர்த்து 'மதுரை சென்னை மல்லி டெலிவரி' என்று தந்தி பாஷையில் எழுதத் தேவையில்லை. முழு வாக்கியமாகவே எழுதலாம்.

மூலம்: இடைத்தலைப்பு
'மார்கழியில் விலை ஏன் ஏறுகிறது?'

உரை: வாங்குகிறவர் கடையில் நின்று கேட்கிற கேள்வியை அப்படியே தலைப்பாக வைத்திருக்கிறது. பதில் அடுத்த வரியிலேயே வர வேண்டும்: பனியில் மொக்குப் பிடிப்பது குறைகிறது, வரத்து சுருங்குகிறது, தை பிறந்ததும் பொங்கலும் முகூர்த்தங்களும் வந்து தேவையைக் கூட்டுகின்றன. பத்து வரி பீடிகை போட்டுப் பதிலை ஒளித்து வைக்காதீர்கள்.

மூலம்: படக்குறிப்பும் இணைப்பும்
'வாழை இலையில் மதுரை மல்லி மொக்குகள்'. 'மல்லியை வாடாமல் வைக்கும் முறை'

உரை: படத்தில் இருப்பதைச் சொல்வது படக்குறிப்பு. பார்வையற்றவரின் திரைவாசிப்பானும் அதைத்தான் படிக்கும். இணைப்பில் 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதினால் அடுத்த பக்கம் எதைப் பற்றியது என்று யாருக்கும் தெரியாது.

மூலம்: கட்டமைத்த தரவு
'வகை: ப்ராடக்ட். பெயர்: மதுரை மல்லி. விலை, நாணயம், கையிருப்பு. பக்கம் எதைப் பற்றி: மல்லிகை, அதற்குரிய விக்கிடேட்டா பதிவு.'

உரை: இந்தப் பகுதி வாசகர் கண்ணுக்குத் தெரியாது, பொறிக்காக எழுதுவது. கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ மூன்றும் சேர்ந்து 2011இல் தொடங்கிய ஸ்கீமா.ஆர்க் என்ற பொதுச் சொல்தொகுதியில் இதை எழுதுகிறோம். அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஆர். வி. குஹா, சென்னை ஐஐடியில் படித்தவர். 'சேம்ஆஸ்' என்ற புலத்தில் விக்கிடேட்டா பதிவின் முகவரியைத் தந்தால், கொத்தமல்லியா மல்லிகையா என்ற கேள்விக்கே இடமில்லை. செடியின் தாவரப் பெயரான ஜாஸ்மினம் சாம்பக் வரைக்கும் தொடர்பு கிடைத்துவிடுகிறது.

இதைப் போட்டதாலேயே பக்கம் மேலே ஏறிவிடாது. தேடல் முடிவிலேயே விலையும் கையிருப்பும் காட்டப்படத் தகுதி கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் ஒரு விலை, தரவில் ஒரு விலை என்று வைத்தால் அந்தத் தகுதியும் போகும். தன் கடைக்குத் தானே நட்சத்திர மதிப்பெண் எழுதிக்கொள்வதும் பலிக்காது. சொந்தப் பக்கத்தில் போட்டுக்கொள்ளும் அந்த நட்சத்திரங்களைக் காட்டுவதை கூகுள் 2019இலேயே நிறுத்திவிட்டது. பொருளைச் சரியாகச் சொல்வதுதான் இங்கே திறமை. பொய்யை நேர்த்தியாகக் கட்டமைத்தாலும் அது பொய்தான்.

மூலம்: கடைசி வரி
'விலை புதுப்பித்த நேரம்: இன்று காலை 7 மணி'

உரை: 'இன்றைய விலை' என்று தலைப்பில் சொன்னவருக்கு இந்த வரி கடமை. முடியாதவர் தலைப்பிலிருந்து 'இன்றைய' என்பதை எடுத்துவிட வேண்டும்.

தமிழில் கடை நடத்துகிற எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். விலைப்பட்டியலை அழகான போஸ்டராக வடித்து, படமாக மட்டும் ஏற்றாதீர்கள். முக்கியமான எழுத்தைப் படத்துக்குள் வைக்க வேண்டாம் என்று கூகுளின் வழிகாட்டியே சொல்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பக்கம் உங்கள் கண்ணுக்குத் தமிழ், பொறிக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்து. யூனிகோடில், எழுத்தாகவே, நீங்கள் கடையில் பேசுகிற தமிழில் எழுதுங்கள்.