தேர்வுத் தோல்வியும் இளையோர் மனநலமும்
சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்கும் சினேகா, மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பு. அங்கு தன்னார்வலர் போனில் பொறுமையாகக் கேட்பார்; இம்முறைக்கு 1953-இல் லண்டனில் பிறந்த சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பு முன்னோடி. ஆனால் பாலவாக்கமோ மயிலாப்பூரோ, பிளஸ் டூ மதிப்பெண் குடும்ப மானமாகிவிடும் இடத்தில் கேட்பது மட்டும் போதாது. ரிசல்ட் வந்த கையோடு பக்கத்து வீட்டார் 'எவ்வளவு?' என்பார்கள். தோற்றவருக்கு ஓராண்டு வீணாகாதபடி உடனே துணைத்தேர்வு வேண்டும் என்று சினேகா வலியுறுத்தியது, அரசும் ஏற்றது. இது கல்வி நிர்வாகம், உளவியல் அல்ல என்பார் உண்டு. ஆனால் இளம் வயதில் தற்கொலை எண்ணம் பல நேரம் திடீர் வேகத்தில் எழுவது. அந்த வேளையைக் கடத்த உதவும் ஏற்பாடும் பயன்பாட்டு உளவியல்தான். தேர்வின் மதிப்பு குறையும் என்ற வாதமும் நிற்காது: துணைத்தேர்விலும் அதே பாடம், அதே தேர்ச்சி மதிப்பெண். ரிசல்ட் நாட்களில் 104 உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கிறது. பிள்ளையைவிடப் பெற்றோருக்கே அது அதிகம் தேவைப்படலாம்.