பதவியிழந்து பெருமை பெற்ற போலீஸ் தலைவர்

உத்தியோகம் புருஷ லக்ஷணம் என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாய் வழங்கிவரும் வாக்கு. நமது சங்கத்தின் இம்மாத வெளியீட்டில், நம் சமூகத்திற் பிறந்து உயர்பதவி எய்தியவர்களின் சரித்திரங்களைப் படித்து மகிழ்வது நமக்கு வழக்கமாயிருக்கின்றது. இம்முறை, பதவியை இழந்தமையாற் பெருமை எய்திய ஒருவரது வரலாற்றை நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம். அவர் நம் தேசத்தாரல்லர், நம் சமூகத்தாருமல்லர். அவரால் உயிர் பிழைத்தவர்களோ அவருடைய தேசத்தாரல்லர், அவருடைய மதத்தாருமல்லர். இதுபற்றியே அவர் சரித்திரம் நாம் அறியத்தக்கதாகின்றது.

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே மலைகள் செறிந்த சிறு தேசம் ஸ்விட்ஜர்லாந்து. அது கான்டன் எனப்படும் பல பிரிவுகளை உடையது; ஒவ்வொரு கான்டனுக்கும் தனி அரசாங்கமும் தனிப் போலீஸ் படையும் உண்டு. அவற்றுள் ஆஸ்திரியாவின் எல்லையை ஒட்டிய ஸெயின்ட் காலன் கான்டனில் 1891-ம் ஆண்டு பால் கிரூனிங்கர் பிறந்தார். முதலில் பள்ளி ஆசிரியராயிருந்தார். பந்தாட்டத்திலும் வல்லவர், 1915-ல் தேசப் போட்டியில் முதலிடம் பெற்ற ப்ரூல் கழகத்தின் ஆட்டக்காரர்களுள் ஒருவர். 1919-ல் லெப்டினென்டாகப் போலீஸ் இலாகாவிற் சேர்ந்து, 1925-ல் காப்டன் பட்டத்துடன் கான்டன் போலீஸின் தலைவரானார்.

1938 மார்ச்சு மாதத்தில் ஹிட்லர் ஆஸ்திரியாவைக் கவர்ந்துகொண்டான். அங்கிருந்த யூதர்கள் பொருளையும் தொழிலையும் மானத்தையும் இழந்து, ரைன் நதிப் பக்கத்து எல்லையை நோக்கி ஓடிவந்தனர். ஆகஸ்டு மாதத்தில் ஸ்விஸ் அரசாங்கம் எல்லையை அடைத்து, அனுமதிச் சீட்டின்றி வருவோரைத் திருப்பியனுப்புமாறு கட்டளை பிறப்பித்தது. அம்மாதமே பெர்ன் நகரிற் கூடிய போலீஸ் அதிகாரிகளின் மகாநாட்டில், அகதிகளைத் திருப்பியனுப்புதல் மனிதத்தன்மைக்கு ஒவ்வாது என்று கிரூனிங்கர் வாதித்தார். ஆயினும் கட்டளை மாறவில்லை.

அதன்பின் அவர் செய்த காரியம் பேனாவினாற் செய்யப்பட்டது. எல்லை அடைக்கப்பட்ட பின்னர் வந்தவர்களை, அதற்கு முன்னரே வந்தவர்களாகக் காட்டித் தேதி மாற்றி எழுதச் செய்தார். அந்தத் தேதியே வந்தவரைத் தங்கச் செய்தது. அஃதின்றேல் அவர் மீண்டும் பகைவர் கையிற் சேர்ந்திருப்பார். வெறுங்கையராய் வந்தவர் சிலருக்குத் தம் சொந்தப் பணத்தில் குளிருடையும் வாங்கிக் கொடுத்தார். இங்ஙனம் பிழைத்தவர் பல நூற்றுவர் என்பாரும், 3,000-க்கு மேற்பட்டவர் என்பாரும் உளர்.

1939 ஏப்ரல் மாதத்தில் அவர் வேலையினின்று நிறுத்தப்பட்டார். அடுத்த மாதமே நீக்கப்பட்டார். பென்ஷன் உரிமையும் பறிபோயிற்று. 1940-ல் நியாயஸ்தலம் கடமை தவறியதற்கும் பொய்ப்பத்திரம் எழுதியதற்கும் 300 பிராங்கு அபராதம் விதித்தது. அவர் தன்னலங் கருதிச் செய்யவில்லை என்பதை நீதிபதிகளும் ஒப்புக்கொண்டனர். எனினும், உத்தியோகஸ்தர் கட்டளைக்குக் கீழ்ப்படிதல் வேண்டும் என்றனர். அப்பால் அவருக்கு நிலையான வேலை கிட்டவில்லை. மழைச்சட்டை விற்றார், கம்பளம் விற்றார், கால்நடைத் தீவனம் விற்றார். லோஸான் நகரிற் பயின்றுகொண்டிருந்த மகளின் படிப்பும் நின்றது. லஞ்சம் வாங்கினாரென்ற பழிச்சொல்லும் பரவிற்று. 1954-ல் அவர், அத்தீர்ப்பைக் குறித்துத் தமக்கு வெட்கமில்லை, பெருமையே உண்டு என்று எழுதினார்.

அதிகாரிகள் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி கட்டளையை மீறத் தொடங்கின் அரசு நிலைப்பது எங்ஙனம் என்று சிலர் வினவலாம். தக்க வினாவே. ஆயின் கிரூனிங்கர் முதலில் சபை நடுவே தம் கருத்தை வெளிப்படக் கூறினார். பின்னர் மீறியபொழுது அதனாற் காசு ஒன்றும் சம்பாதிக்கவில்லை. தண்டனை வந்தகாலை அதைத் தாமே சுமந்தார். தன்னலத்தால் விதி மீறுவோர் எவரும் இம்மூன்றையும் செய்யக் காணோம்.

1971-ல் இஸ்ரேலின் யாத் வஷேம் நிலையம் அவரை, பிற சமூகத்தாராயிருந்தும் யூதரைக் காத்த நீதிமான்களுள் ஒருவராகப் போற்றியது. மறுவருஷம் பிப்ரவரியில் அவர் வறியவராகவே காலமானார். கான்டன் அரசாங்கம் 1993-ல்தான் அவருடைய மானத்தை மீட்டளித்தது. 1995-ல் நியாயஸ்தலம் பழைய தீர்ப்பை மாற்றி அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது. 1998-ல் அளிக்கப்பட்ட நஷ்டஈட்டை அவர் சந்ததியார் தாம் வைத்துக்கொள்ளாது, அவர் பெயரால் அமைந்த தருமநிதிக்கு வழங்கினர். அவர் தேதியைச் சில நாட்களோ மாதங்களோ பின்தள்ளி எழுதினார். அவ்வெழுத்து நியாயமானதே என்று ஒப்புவதற்கு அரசாங்கத்துக்கு 54 ஆண்டுகள் சென்றன.

இத்தகையவர் நம் வீட்டில் ஒருவராயிருந்திருப்பின், பிழைக்கத் தெரியாதவரென்று அவரை நாமே ஏசியிருக்க மாட்டோமா? நம் இல்லந்தோறும் பெரியோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். நம் பிள்ளைகள் உயர்பதவி பலவும் எய்துவாராக. எய்திய பின், வாயிலில் வந்து நிற்பவர் எக்குலத்தார் என்று கேளாமல், அவருக்கு நேர்ந்த இடர் யாது என்று கேட்கும் பண்பையும் அவர்கள் பெறுவாராக என்பதே நமது பிரார்த்தனை.