வளைகோலும் வாசற்படியும்

உலகப் போட்டி ஒன்றில் வாகை சூடிய நாட்டின் பெயரை எல்லோரும் நினைவில் வைத்திருப்பர். அந்தப் போட்டியினுள் காலெடுத்து வைப்பதற்காக ஒரு நாடு எந்த ஊர்த் திடலில், எத்தனை பேர் முன்னிலையில், எத்தகைய பதற்றத்துடன் ஆடியது என்பதை நினைப்பார் மிகச் சிலரே. நமது ஹாக்கியின் கதையை எழுதியோரும் பெரும்பாலும் தங்கப் பதக்கங்களை எண்ணுவதோடு நின்றுவிட்டனர். ஆனால் கடந்த ஐம்பது ஆண்டுகளின் உண்மையான கதை வாசற்படியில்தான் நடந்திருக்கிறது. தகுதிச் சுற்று எனப்படும் அந்த வாசற்படியைப் பற்றியே இக்கட்டுரை.

ஆரல்வாய்மொழியில் வாழ்வோர்க்கு வாசல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பாண்டி நாட்டிலிருந்து நாஞ்சில் நாட்டுக்குள் வருவோர் இரு மலைகளுக்கிடையே காற்று சீறிப் பாயும் இக்கணவாயைக் கடந்தே வரவேண்டும். திருவிதாங்கூர் அரசு இங்கே அரண் எழுப்பிக் காவல் வைத்திருந்தது. 1809 பிப்ரவரியில் கும்பெனிப் படை அந்த அரணைக் கைப்பற்றிய பிறகு, வேலுத்தம்பி தளவாயின் எதிர்ப்பு சில நாட்களுக்குள்ளேயே குலைந்துபோயிற்று. உள்ளே எத்துணை வலிமை இருந்தும் வாசலைக் காக்கத் தவறினால் பயனில்லை என்பதற்கு நம் ஊரே சான்று. இன்று அவ்விடத்தில் காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றினூடே வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை திருநெல்வேலியைத் தாண்டிக் கோவில்பட்டியை அடைகிறது. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர்பெற்ற அவ்வூர் ஹாக்கிக்கும் பெயர்பெற்றது. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி அங்கேதான் நடைபெறும். அவ்வூர்த் திடலில் வளர்ந்த இளைஞர் ஒருவர் இக்கட்டுரையின் பிற்பகுதியில் வருவார்.

முதலில் பழைய காலம். 1928-இல் ஆம்ஸ்டர்டாம் நகருக்கு இந்திய அணி கப்பலேறியபோது எவரும் அதனிடம் தகுதிச் சான்று கேட்கவில்லை. சென்றது, ஐந்து ஆட்டங்களில் 29 கோல் அடித்தது, தன் வலையில் ஒரு பந்தும் விழவிடாமல் தங்கம் பெற்றுத் திரும்பிற்று. 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்ற ஹாக்கி அணிகள் மொத்தமே மூன்று. அமெரிக்காவை 24-1 என்று நாம் வென்றது அந்த ஆண்டில்தான். பயணச் செலவைத் தாங்கக்கூடிய நாடு ஆடலாம் என்ற நிலை அன்று. அந்நிலையில் 1956 வரை தொடர்ந்து ஆறு தங்கம், பின்னர் 1964-இல் ஒன்று, 1980-இல் சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஒன்று, ஆக எட்டுத் தங்கங்கள் சேர்ந்தன. பெருமை பெருமைதான், அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. எனினும் மாஸ்கோவில் பல நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தமையால் ஆறு அணிகளே ஆடின என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

1971-இல் பார்சிலோனாவில் நடந்த முதல் உலகக் கோப்பையிலும் தகுதிச் சுற்று ஏதும் இல்லை. அதனை முன்மொழிந்த பாகிஸ்தானே கோப்பையையும் வென்றது. 1975-இல் கோலாலம்பூரில் இந்தியா வென்றது. இடையே ஆட விரும்பும் நாடுகள் பெருகின, இடங்களோ போதவில்லை. ஆகவே 1977-இல் ரோம் நகரில் கண்டங்களுக்கிடையிலான கோப்பை என்ற பெயரில் உலகக் கோப்பைக்கான வாயில் அமைக்கப்பட்டது. முந்தைய உலகக் கோப்பையில் முன்னணியில் நின்றோர் நேரே உள்ளே போகலாம். ஏனையோர் இவ்வாயிலில் வந்து ஆடி, இடம் பெற வேண்டும். பழம்பெருமை படைத்த நாடுகள், இது மற்றவர்க்கான ஏற்பாடு என்றே எண்ணியிருக்கக்கூடும். 1986-இல் லண்டன் உலகக் கோப்பை அவ்வெண்ணத்தைத் தகர்த்தது. பன்னிரண்டு அணிகளில் பாகிஸ்தான் பதினோராவது, இந்தியா பன்னிரண்டாவது! துணைக்கண்டத்தின் இரு மாமன்னர்களும் கடைசி இரு நாற்காலிகளுக்காக ஒருவரோடொருவர் மோதிய காட்சி அது.

செயற்கைத் தரை வந்ததே இவ்வீழ்ச்சிக்குக் காரணம் என்பார் பலர். 1976-இல் மாண்ட்ரியலில் முதன்முறையாக ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரையில் நடந்ததும், நாம் ஏழாம் இடத்துக்கு இறங்கியதும் உண்மையே. ஆயினும் தரையின்மேல் மட்டும் பழியைப் போட்டு ஆறுதல் அடைவது எனக்கு உடன்பாடன்று. அதே தரையில் பாகிஸ்தான் 1984-இல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றதே!

ஒலிம்பிக்குக்கும் இவ்வாறே வாயில்கள் அமைந்தன. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குக்கான இடத்தை இந்தியா 1991-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்குச் சென்று ஆடித்தான் பெற்றது. அடுத்த அட்லாண்டா ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்று 1996 ஜனவரியில் பார்சிலோனாவில் நடைபெற்றது. எட்டு அணிகள், ஐந்து இடங்கள். இங்கே நிகழ்ந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

கடைசி ஆட்டம் இந்தியாவுக்கும் மலேசியாவுக்கும். இந்தியாவின் இடம் முன்னரே உறுதியாகிவிட்டது. மலேசியாவுக்கோ சமநிலை ஒன்றே போதும். மலேசியா தோற்றால் அவ்விடம் கனடாவுக்குப் போகும். கனடா வீரர்களின் நான்காண்டு உழைப்பு, அவர்கள் ஆடாத ஓர் ஆட்டத்தின் முடிவில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்டம் கோல் ஏதுமின்றி முடிந்தது. மலேசியா அட்லாண்டா சென்றது. கனடா வீடு திரும்பிற்று. கனடா முறையிட்டுப் பார்த்தது; முடிவு மாறவில்லை.

அன்று ஆடியவர்களின் நெஞ்சிலிருந்த எண்ணத்தை நாம் தீர்ப்பிட முடியாது. ஐயம் வேறு, சான்று வேறு. ஆனால் தகுதிச் சுற்றுகளுக்கே உரிய ஒரு சோதனையை அந்த ஆட்டம் நமக்குக் காட்டுகிறது. இறுதிப் போட்டியில் இருவர் மட்டுமே. வென்றவர் வெல்வார், தோற்றவர் தோற்பார். தகுதிச் சுற்றிலோ களத்தில் இல்லாத மூன்றாமவர் ஒருவர் எப்போதும் உண்டு. தனக்கு இலாபமோ நட்டமோ இல்லாத நேரத்தில் ஓர் அணி எப்படி ஆடுகிறது என்பது அம்மூன்றாமவரின் உரிமையைப் பொறுத்த செய்தி. நம் பெரியவர்கள் அமானிதம் என்று சொல்வது இத்தகையதைத்தான்.

1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் தன்ராஜ் பிள்ளை தலைமையிலான அணி கொரியாவை வென்று தங்கம் பெற்றதால் சிட்னிக்கு நேர்வழி திறந்தது. அட்லாண்டா, சிட்னி ஆகிய இரு ஒலிம்பிக் அணிகளிலும் ஆடிய சென்னை முகமது ரியாஸை நம் வீடுகளில் பலரும் அறிவர். 1968-இல் மெக்சிகோவில் வெண்கலம் பெற்ற அணியின் கோல் காவலரான தமிழ்நாட்டு முனீர் சேட்டை அறிந்தோர் குறைவு. அறிந்துகொள்ள வேண்டிய பெயர் அது.

இனிச் சென்னைக்கு வருவோம். 2007 ஆகஸ்ட் இறுதியில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசியக் கோப்பைப் போட்டி தொடங்கிற்று. இந்தியா இலங்கையை 20-0 என்று வீழ்த்திற்று. செப்டம்பர் 9 அன்று இறுதி ஆட்டத்தில் கொரியாவை 7-2 என்று வென்றபோது, பழைய நாட்கள் திரும்பிவிட்டன என்று அரங்கமே ஆர்ப்பரித்தது. மகிழ்ச்சி வெள்ளத்தில் ஒரு செய்தி அமிழ்ந்துவிட்டது. பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு ஆசியாவின் நேர்வாயில் இந்தக் கோப்பையன்று. 2006-இல் தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டே அவ்வாயில். அங்கே இந்தியா அரையிறுதியைக்கூட எட்டாமல் ஐந்தாம் இடத்தில் நின்றுவிட்டது. ஆகவே ஆசியாவின் வெற்றிவீரர் என்ற பட்டத்துடன், உலகின் மறுகோடியில் இருந்த சிலி நாட்டின் சாண்டியாகோ நகருக்கு நம் அணி பயணமாயிற்று.

அம்முறை மூன்று நகரங்களில் மூன்று தகுதிச் சுற்றுகள். ஒவ்வொன்றிலும் முதலிடம் பெறும் ஒரே அணிக்கே ஒலிம்பிக். இரண்டாமிடத்துக்கு எதுவுமில்லை. சாண்டியாகோவில் ஆடிய ஆறு அணிகளில் வலிமை மிக்கவை இந்தியாவும் பிரிட்டனுமே. குழு ஆட்டத்திலேயே பிரிட்டன் நம்மை வென்றது. மீண்டும் இறுதி ஆட்டத்தில் சந்தித்தனர். 2008 மார்ச் 9. சென்னையில் கோப்பை ஏந்தி மிகச் சரியாக ஆறு திங்கள். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடங்களுக்குள் பாரி மிடில்டன், ரிச்சர்ட் மாண்டெல் இருவரும் கோல் போட்டுவிட்டனர். எஞ்சிய நேரம் முழுவதும் முயன்றும் இந்தியா ஒரு கோலைக்கூடத் திருப்ப முடியவில்லை. 1948-இல் லண்டன் மண்ணில் விடுதலை பெற்ற இந்தியா நான்கு கோல் போட்டு வென்றது எந்த நாட்டையோ, அந்த நாடே அறுபது ஆண்டுகள் கழித்து வாசலை அடைத்தது. 1928-க்குப் பிறகு முதன்முறையாக இந்திய ஹாக்கி அணி இல்லாத ஒலிம்பிக் நடந்தேறியது.

பயிற்சியாளர் ஜோக்கிம் கார்வாலோ பதவி விலகினார். அடுத்த மாதமே இந்திய ஹாக்கி சம்மேளனம் இடைநீக்கம் செய்யப்பட்டது. தோல்வி பத்து நிமிடத்தில் நிகழ்ந்ததாகத் தோன்றினும், அதன் வேர் பல்லாண்டு ஆழத்தில் ஓடியிருந்தது. ஒரு நாடு ஏன் சாண்டியாகோவுக்குப் போக நேர்ந்தது என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அங்கே ஏன் தோற்றது என்பதன்று.

வாசலைத் தாண்டிவிட்டால் மட்டும் போதுமோ? 2012 பிப்ரவரியில் டில்லியில் நடந்த தகுதிச் சுற்றின் இறுதியில் பிரான்சை 8-1 என்று வென்றோம். சந்தீப் சிங் ஒருவரே ஐந்து கோல் அடித்தார். ஆறு மாதத்தில் லண்டன் ஒலிம்பிக்கில் ஆடிய அனைத்திலும் தோற்றுப் பன்னிரண்டாவதாக வந்தோம். மாறாக, 2019 நவம்பரில் புவனேசுவரத்தில் ரஷ்யாவை 4-2, 11-1 என இருமுறை வென்று உள்ளே நுழைந்த அணி, 2021 ஆகஸ்டில் தோக்கியோவில் ஜெர்மனியை வென்று 41 ஆண்டுகளுக்குப் பின் பதக்கம் கொணர்ந்தது.

இப்போது கோவில்பட்டி இளைஞரிடம் வருவோம். அரியலூரில் பிறந்து, கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயின்றவர் செல்வம் கார்த்தி. 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியக் கோப்பையில் அவர் இந்திய அணியில் இடம்பெற்றார். கோவில்பட்டி மாரீஸ்வரனும் உடன் சென்றார். அக்கோப்பை 2023 உலகக் கோப்பைக்கான ஆசிய வாயில். போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் இந்தியாவின் இடம் ஏற்கனவே உறுதி. ஆகவே மூத்தவர்கள் பலருக்கு ஓய்வு தந்து இளைஞர்களை அனுப்பியிருந்தனர். மே 23 அன்று பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் முதல் கோலை அடித்தவர் கார்த்தி. ஆட்டம் 1-1 என முடிந்தது. அடுத்து ஜப்பானிடம் இந்தியா 2-5 என்று தோற்றது.

மே 26 அன்று காட்சி மாறிற்று. பாகிஸ்தான் ஜப்பானிடம் 2-3 என்று தோற்றது. அந்த ஆட்டத்தில் பாகிஸ்தான் அடித்த ஒரு கோல், களத்தில் பதினொருவருக்குப் பதிலாகப் பன்னிருவர் நின்றனர் என்பதற்காகச் செல்லாததாக்கப்பட்டது. ஒரு வீரர் வெளியேறத் தாமதித்ததன் விலை அது! இனி இந்தியா இந்தோனேசியாவைக் குறைந்தது 15 கோல் வேறுபாட்டில் வென்றால் இந்தியா மேலே செல்லும். இல்லையேல் பாகிஸ்தான் மேலே சென்று உலகக் கோப்பையில் இடம் பெறும். இந்தியா அடித்தது 16. நான்கு முறை உலகக் கோப்பை வென்ற நாடு, அக்கோப்பையையே உலகுக்குத் தந்த நாடு, வாசலுக்கு வெளியே நின்றது.

பார்சிலோனாவில் 1996-இல் நடந்ததோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இருமுறையும் இந்தியாவுக்கான இடம் உறுதி. இருமுறையும் களத்தில் இல்லாத மூன்றாமவரின் விதி இந்தியாவின் கையில். ஒருமுறை கோலே இல்லை, மறுமுறை பதினாறு. பாகிஸ்தான் வெளியேறியதில் மகிழ்ந்தோர் இங்கே உண்டு. எனக்கு அதில் மகிழ்ச்சியில்லை. ஆயினும் கடைசி நிமிடம் வரை முழுமூச்சுடன் ஆடிய அந்த இளைஞர்கள்மீது குறையும் இல்லை. ஆடவேண்டிய முறை அதுவே. பாகிஸ்தான் தோக்கியோவுக்கும் பாரிசுக்கும்கூடச் செல்லவில்லை. 1986-இல் லண்டனில் ஒன்றாகத் தரையில் விழுந்த இருவரில் ஒருவர் எழுந்துவிட்டார். மற்றவர் 2024 வரை எழவில்லை.

எல்லா வாசல்களும் கோல் கணக்கால் திறந்து மூடுவதில்லை என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 2024 டிசம்பரில் மஸ்கட்டில் நடந்த இளையோர் ஆசியக் கோப்பையின் இறுதியில் இந்தியா பாகிஸ்தானை 5-3 என்று வென்றது. தோற்றபோதிலும் பாகிஸ்தான் இளைஞர்கள் 2025 இளையோர் உலகக் கோப்பைக்கு முறையாகத் தகுதி பெற்றனர். அது சென்னையிலும் மதுரையிலும் நடப்பதாக இருந்தது. இரு நாடுகளுக்கிடையே உறவு சீர்கெட்டிருந்த காலம். போட்டி தொடங்கச் சில வாரங்களே இருக்கையில் பாகிஸ்தான் விலகிக்கொண்டது. அவ்விடம் ஓமனுக்குக் கிடைத்தது. 2025 நவம்பர் 29 அன்று மதுரையின் புதிய திடலில் ஓமன் இளைஞர்கள் இந்தியாவை எதிர்த்து ஆடி, 17 கோல் வாங்கினர்.